பைன் ஒத்துக்கொள்ளாத வீட்டுக்கு ஒரு பச்சை ரீத்

டிசம்பர் பிறந்தால் இங்கே டெக்சாஸ் மாநிலத்து ஆஸ்டினில் எங்கள் தெருவில் கதவுக்குக் கதவு பச்சை வளையம் தொங்கும். ரீத் என்றே எழுதுகிறேன், மலர்வளையம் என்றால் நம்மவர்களுக்குத் துக்கவீடுதான் ஞாபகம் வரும் (அம்மா முதன்முதலில் வீடியோ காலில் எங்கள் வாசலைப் பார்த்துவிட்டுப் பதறிப்போனார்). ஊரில் சவுக்குக் கிளையை வெட்டிவந்து நட்சத்திரம் கட்டி வளர்ந்தவள் நான், பச்சைக் கிளை இல்லாமல் கிறிஸ்துமஸ் வந்தமாதிரியே இருக்காது. ஆனால் இங்கே ரீத் கட்டுவது பெரும்பாலும் பைன் என்ற ஊசியிலை மரத்தின் கிளையில், என் கணவருக்கு அது ஆகாது, அலர்ஜி. இரண்டு வருடம் பிளாஸ்டிக் ரீத்தோடு ஓட்டினோம், அப்புறம்தான் இந்த வழி பிடிபட்டது.

முதலில், எது ஆகவில்லை என்று பாருங்கள்

கிளையை வாங்குவதற்கு முன்னால் செய்ய வேண்டியது இதுதான். பைன் மகரந்தம் கொட்டுவது வசந்த காலத்தில், அதனால் டிசம்பரில் வரும் தும்மலுக்கு அது காரணமாக இருக்க வாய்ப்பு குறைவு. பல வீடுகளில் பூஞ்சைதான் காரணம்: வெட்டிய கிளை ஈரத்தோடு வீட்டுச் சூட்டுக்குள் வந்ததும் அதில் பூஞ்சை பெருகுகிறது. நியூயார்க் மாநிலத்து சிராக்யூஸ் மருத்துவர்களின் ஆய்வு ஒன்று 2011இல் வந்தது, கிறிஸ்துமஸ் மரங்களில் எடுத்த 28 மாதிரிகளில் 53 வகைப் பூஞ்சை இருந்ததாம்! சிலருக்கு அந்த வாசனையே போதும், மூக்கு எரியும். வீட்டில் யாருக்காவது ஆஸ்துமா இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் எந்தக் கிளையையும் உள்ளே கொண்டுவராதீர்கள்.

எங்கள் வீட்டுக் கதை பிசின். என் கணவர் வயலின் வாசிப்பார், வில்லுக்குத் தேய்க்கும் ரோசின் கட்டியைத் தொட்டாலே விரல் சிவந்து அரிக்கும். தோல் மருத்துவர் முதுகில் பேட்ச் டெஸ்ட் (எது ஒத்துக்கொள்ளவில்லை என்று தோலில் ஒட்டிப் பார்க்கும் சோதனை) செய்ததில்தான் தெரிந்தது, ரோசின் என்பதே பைன் பிசினிலிருந்து எடுப்பது என்று. கொலோஃபனி என்றும் அதற்குப் பெயர். இப்படிப்பட்டவர்களுக்குப் பைனுக்குப் பதிலாக ஸ்ப்ரூஸ், ஃபிர் என்று மாற்றிப் பயனில்லை, அவையும் பிசின் மரங்கள்தான். பைன் கூம்பும் வேண்டாம். இன்னொன்று, க்ளூ கன்னில் (பசையை உருக்கி ஒட்டும் கருவி) போடும் பசைக் குச்சிகள் பலவற்றிலும் ரோசின் கலந்திருக்கும். அதனால் இந்த ரீத்தில் பசையே கிடையாது, முழுக்கக் கம்பிக்கட்டுதான்.

இலை

டெக்சாஸில் இருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. மலைப்பக்கம் சும்மா கிடைக்கிறதே என்று ஜூனிபர் மரக் கிளையை ஒடித்துவராதீர்கள். இங்கே மவுண்டன் சீடர் என்பது அதைத்தான், டிசம்பர் ஜனவரியில்தான் அது மகரந்தத்தை அள்ளிக் கொட்டும், ஊரே சீடர் ஃபீவர் என்று மூக்கைச் சிந்திக்கொண்டிருக்கும். நுனி பழுப்பாக இருக்கும் ஆண் மரத்தை உலுக்கினால் புகை மாதிரி பறக்கும்.

நான் எடுப்பது மக்னோலியா இலை. மேலே பளபளவென்று கரும்பச்சை, அடியில் வெல்வெட் மாதிரி பழுப்பு, காய்ந்தாலும் உருவம் குலையாது. புதிதாகச் செய்பவர்களுக்கு இதைவிட நல்ல இலை எனக்குத் தெரியவில்லை. பாக்ஸ்வுட் என்ற புதர்ச்செடியின் இலையும் அழகுதான், ஆனால் சில வகை பூனை மூத்திரம் மாதிரி நாறும்.

கட்டுவது

14 அங்குல திராட்சைக்கொடி வளையம் ஒன்று, பூ வேலைக்கான மெல்லிய பச்சைக் கம்பி, செடி வெட்டும் கத்தரி, கையுறை. இவ்வளவு போதும்.

ஒரு சாண் நீளத்தில் 15, 20 கொத்துகள் வெட்டுங்கள் (பக்கத்து வீட்டு மரம் என்றால் கேட்டுவிட்டு). வெளியில் வைத்தே நன்றாக உதறி, குழாய்த் தண்ணீரில் இருபக்கமும் கழுவி, நிழலில் ஒரு நாள் காயவிடுங்கள். தூசியும் பூஞ்சையும் பெரும்பாலும் இதிலேயே போய்விடும், ஆனால் ஈரம் துளிகூட இருக்கக்கூடாது, அரைகுறையாகக் காய்ந்தால் கழுவாததைவிட மோசம்.

கம்பியின் நுனியை வளையத்தில் முடிந்துவிட்டு, முதல் கொத்தை வைத்துக் காம்பை மூன்று சுற்று இறுக்குங்கள். கம்பியை வெட்ட வேண்டாம். அடுத்த கொத்தின் இலைகள் முந்தைய காம்பை மூடுகிறமாதிரி வைத்து மறுபடி சுற்றுங்கள், எல்லாம் ஒரே திசையில். மல்லிகைச் சரம் தொடுத்துப் பழகியவர்களுக்குக் கை தானாகவே போகும். எல்லாரும் திணறுவது கடைசிக் கொத்தில்தான்: முதல் கொத்தின் இலைகளை மெல்லத் தூக்கிப் பிடித்து அதன் அடியில் காம்பைச் செருகிக் கட்டுங்கள், இடைவெளி தெரியாது. சில இலைகளைத் திருப்பிவிட்டால் பழுப்புப் பக்கமும் தெரியும். அப்புறம் ஒரு சிவப்பு ரிப்பன், சரி, வேலை முடிந்தது. வாசனை ஸ்ப்ரே, பனித்தூள் ஸ்ப்ரே எதுவும் அடிக்காதீர்கள். காய் வேண்டும் என்று யோபன் அல்லது ஹாலி கொத்தைச் செருகினால் குழந்தைகளுக்கும் நாய்க்கும் எட்டாத உயரத்தில் மாட்டுங்கள், அந்தச் சிவப்புக் காய்கள் வயிற்றுக்குள் போனால் வாந்தி வரும்.

மாட்டுவது கதவின் வெளிப்பக்கம். உள்ளே வேண்டுமென்றால் ஹீட்டர் காற்று படாத சுவரில், ஒரு வாரத்துக்கு மட்டும், முதல் இரண்டு நாள் அலர்ஜிக்காரருக்கு எப்படி இருக்கிறது என்று கவனித்துக்கொண்டே. எங்கள் ரீத் மூன்று ராஜாக்கள் திருநாள் (ஜனவரி 6) வரை கதவில் இருக்கும். கழற்றியதும் வாசலிலேயே ஒரு பையைப் பிடித்து இலைகளை அதற்குள் வெட்டிவிடுகிறேன், வெறும் கொடி வளையத்தை உலர்ந்த துணியால் துடைத்து ஆணியில் மாட்டினால் அடுத்த வருடத்துக்கு ஆச்சு.