மலையகத்தில் தலைப்பிரசவமா? முதலில் மிட்வைஃபைத் தேடுங்கள்

கல்யாணமாகியோ வேலைக்கோ தமிழ்நாட்டிலிருந்து இலங்கை மலையகத்தின் ஹட்டன், நுவரெலியா, பண்டாரவளைப் பக்கம் வந்து, இங்கேயே முதல் பிள்ளைக்கு உண்டாகியிருக்கிறவர்களுக்காக எழுதுகிறேன். நானும் மதுரையிலிருந்து வந்தவள்தான். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்று கேட்டு வளர்ந்தவளுக்கு, அம்மா கடலுக்கு அந்தப் பக்கம் இருப்பதே பாதிப் பயம். மீதியை ஆஸ்பத்திரி வரிசை கொடுத்தது.

ஏழாம் மாதம் ஒருநாள் காலை ஏழு மணிக்குப் போய் உட்கார்ந்தேன். டொக்டர் கூப்பிட்டபோது மணி ஒன்று. மூன்று நிமிடம் பார்த்திருப்பார். கேட்க நினைத்த எதுவும் வாயில் வரவில்லை. பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன்.

அந்த வாரம் மிட்வைஃப் வீட்டுக்கு வந்து அரை மணி நேரம் உட்கார்ந்து பேசிவிட்டுப் போனார். இங்கே சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் கீழ் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு மருத்துவ மாது, அதாவது மிட்வைஃப், உண்டு. நாள் தள்ளிப்போனது உறுதியானதும், முடிந்தால் எட்டு வாரத்துக்குள், அவரிடம் பதிந்துவிடுங்கள். தேயிலைத் தோட்டத்தில் இருந்தால் அங்குள்ள டிஸ்பென்சரியில் கேளுங்கள், அவர் வரும் நாள் தெரியும். கர்ப்பிணிக் கார்டு, இரும்புச்சத்து, கல்சியம் மாத்திரை எல்லாம் கிளினிக்கிலேயே கிடைக்கும். திரிபோஷவும் தருவார்கள். சோளமும் சோயாவும் கலந்த மாவு, நம்மூர் சத்துமாவுக்குத் தங்கை. தேங்காய்ப்பூவும் சர்க்கரையும் சேர்த்து உருண்டை பிடித்தால் நன்றாகவே இருக்கும்.

சந்தேகங்களை ஒரு துண்டுத்தாளில் எழுதி அந்தக் கார்டுக்குள் வையுங்கள். டொக்டரிடம் கேட்க முடியாததை மிட்வைஃபிடம் கேட்கலாம். எந்த ஆஸ்பத்திரியில் பிரசவம் என்பதையும் ஏழாம் மாதத்திலேயே கேட்டு முடிவு செய்யுங்கள். இலங்கையில் கிட்டத்தட்ட எல்லாப் பிரசவமும் ஆஸ்பத்திரியில்தான், அதனால் கூட்டம் இருக்கத்தான் செய்யும். ஆனால் சிக்கல் இல்லாதவர்கள் கண்டி, பேராதனை என்று பெரிய ஆஸ்பத்திரிகளுக்கு ஓட வேண்டியதில்லை. பக்கத்து ஆதார வைத்தியசாலையே (பேஸ் ஹாஸ்பிடல்) போதுமா என்று கேட்டுப் பாருங்கள். ஒரு லட்சம் பிரசவத்துக்குத் தாய் இறப்பு சுமார் 30 என்ற அளவுக்கு இந்த நாடு வந்திருக்கிறது. நடுராத்திரியில் பயம் வந்தால் நான் நினைத்துக்கொண்டது அதைத்தான்.

இரத்தம் போனாலோ, பனிக்குடம் உடைந்தாலோ, கடும் தலைவலியோடு கண் மங்கினாலோ, வலிப்பு வந்தாலோ, பிள்ளையின் அசைவு குறைந்தாலோ கிளினிக் நாள் வரட்டும் என்று இருக்காதீர்கள். அப்போதே கிளம்புங்கள். 1990க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். தோட்டத்து லயன் வீடுகளுக்குப் போகும் பாதை மழையில் எப்படியிருக்கும் என்று உங்களுக்கே தெரியும். அதனால் தோட்டத்துப் பெயரையும் டிவிஷனையும் தெளிவாகச் சொல்லப் பழகுங்கள். ராத்திரியில் கூப்பிட்டால் வரக்கூடிய ஆட்டோக்காரர் ஒருவரின் நம்பரும் இருக்கட்டும்.

தமிழ் தெரிந்தவர் வோர்டில் எப்போதும் இருப்பார் என்று நம்ப முடியாது. மூன்று சிங்கள வாக்கியங்களை மனப்பாடம் செய்யுங்கள். 'லே யனவா' என்றால் இரத்தம் போகிறது. 'வதுர யனவா', தண்ணீர் போகிறது. 'பபா ஹெல்லென்னே நே', பிள்ளை அசையவில்லை.

சரி, பையில் என்ன வைப்பது? கார்டு, துணி, பிள்ளைக்குத் தொப்பி இதெல்லாம் மிட்வைஃபே சொல்லிவிடுவார். கூடவே உங்களுக்கு ஒரு கம்பளிச் சட்டையும் காலுறையும் வையுங்கள். நான் மதுரை நினைப்பில் இரண்டு காட்டன் நைட்டியோடு போய், பக்கத்துக் கட்டில் அக்காவின் ஸ்வெட்டரில்தான் பிள்ளை பெற்றேன்.