கனித் தட்டில் ஒரு குறளும் வையுங்கள்

சித்திரை முதல் நாள் கனி காண, முந்தின இரவே கண்ணாடி, மாம்பழம், வெற்றிலை பாக்கு, நகை, காசு எல்லாம் தட்டில் எடுத்து வைப்போம் இல்லையா? அதோடு ஒரு துண்டுத் தாளில் ஒரு குறளையும் வையுங்கள். அச்சிட்ட தாள் வேண்டாம், கைப்பட எழுதியதாக இருக்கட்டும். எழுதும்போதே பாதி மனசில் பதிந்துவிடும்.

எந்தக் குறள் என்று தேட வேண்டாம். 'செய்ந்நன்றி அறிதல்' 11ஆவது அதிகாரம், 101 முதல் 110 வரை. நான் தொடங்குவது 104இல்:

தினைத்துணை நன்றி செயினும் பனைத்துணையாக்
கொள்வர் பயன்தெரி வார்.

வாய்விட்டுப் படியுங்கள். வீட்டில் தினை இருந்தால் ஒரே ஒரு மணியை உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். ஊதினால் பறந்துவிடும். அதைப் பனைமரம் அளவுக்குப் பார்க்கிற கண்ணைத்தான் வள்ளுவர் கேட்கிறார். பிள்ளைகளுக்கு இதற்கு மேல் உரையே தேவையில்லை.

பிறகு அந்தத் தாளின் பின்பக்கம், போன வருஷம் தக்க நேரத்தில் உதவிய ஒருவர் பெயரை எழுதுங்கள். நான் போன சித்திரையில் பக்கத்து வீட்டு அக்கா பெயரை எழுதினேன். அம்மா ஆஸ்பத்திரியில் இருந்த நான்கு நாளும் காலையில் ஃபிளாஸ்க்கில் கஞ்சி கொண்டுவந்தவர் அவர். அன்றைக்கே போய்ச் சொன்னேன். "இதையெல்லாமா ஞாபகம் வச்சிருக்கே?" என்றவருக்குக் கண் கலங்கிவிட்டது.

மனஸ்தாபத்தோடு வருஷம் பிறக்கிறதென்றால் 108ஐ எடுங்கள். நன்றல்லாததை அன்றே மறக்கச் சொல்வது அது. மீதிக் குறள்களை நாளுக்கொன்றாக எழுதினால் சித்திரை 10க்குள் அதிகாரமே முடிந்துவிடும்.