ரெண்டு ஆபீஸிலும் 192.168.1 தானா? ஐபி மாற்றாமல் இணைக்கும் வழி

ராணிப்பேட்டையில் ஒரு டேனரி, ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனி, ரெண்டுக்கும் முதலாளி ஒருவரே. ராணிப்பேட்டை சர்வரில் இருக்கும் டேலி கணக்கு சாஃப்ட்வேரை ஆம்பூர் கணக்கரும் திறக்க வேண்டும், கேட்டது இவ்வளவுதான். ரெண்டு பக்கமும் மைக்ரோடிக் ரௌட்டர் இருந்ததால் வயர்கார்டு விபிஎன் (இன்டர்நெட் வழியாக ரெண்டு ஆபீஸையும் இணைக்கும் பாதுகாப்பான பாதை, அந்தப் பாதைதான் டனல்) போட்டேன், டனலும் வந்துவிட்டது. ஆம்பூரிலிருந்து 192.168.1.10-க்கு பிங் அடித்தால் (அந்த முகவரியில் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டால்) பதில் வருகிறது, டேலி மட்டும் திறக்கவில்லை. ஒரு மணி நேரம் தேடிய பிறகு டனலை நிறுத்திவிட்டு பிங் அடித்தேன், அப்போதும் பதில் வந்தது! பேசிக்கொண்டிருந்தது ராணிப்பேட்டை சர்வரே இல்லை, ஆம்பூர் வாசலில் மாட்டியிருந்த கைரேகை மெஷின். அதற்கும் அதே 192.168.1.10.

இது ஏன் நடக்கிறது என்று புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் சுலபம். போக வேண்டிய முகவரி தன்னுடைய நெட்வொர்க்குக்குள்ளேயே இருக்கிறது என்று கம்ப்யூட்டருக்குத் தோன்றினால் அது ரௌட்டரிடம் போகவே போகாது. "192.168.1.10 யாருப்பா?" என்று பக்கத்தில் இருப்பவர்களிடமே ஏஆர்பி மூலம் கேட்கும், யாராவது கை தூக்கினால் அவரிடமே பாக்கெட்டைக் கொடுத்துவிடும். டனலில் எவ்வளவு தலைகீழாக நின்றாலும் பாக்கெட் அந்தக் கட்டடத்தை விட்டு வெளியே வராது.

முதலில் ரெண்டு பக்கமும் விண்டோஸில் ஐபிகான்ஃபிக் கட்டளை அடித்து, ஐபியோடு சப்நெட் மாஸ்க்கையும் (நெட்வொர்க் எதுவரை என்று சொல்லும் எண்) எழுதிக்கொள்ளுங்கள். அதையே சுருக்கமாக /24 என்று எழுதினால் முதல் மூன்று எண்கள் நெட்வொர்க்குக்கு, கடைசி எண் கம்ப்யூட்டருக்கு. ஒரு பக்கம் 192.168.0.0/23 என்று இருந்தால் அது 192.168.1.255 வரை போகும், எதிர்ப்பக்க 192.168.1.0/24-உடன் அதுவும் மோதும்.

பத்து கம்ப்யூட்டர் மட்டும் உள்ள இடமென்றால் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஒரு பக்கத்து ஐபியை மாற்றிவிடுங்கள், அதுதான் நல்ல வழி. இங்கே சிசிடிவி, பிரிண்டர், மெஷின் என்று எல்லாவற்றிலும் கையால் போட்ட ஐபி, மாற்ற முடியவில்லை. அதனால் ஒவ்வொரு ஆபீஸுக்கும் வெளியே சொல்லிக்கொள்ள இன்னொரு முகவரி கொடுத்தோம். 1996-இல் வந்த ஆர்எஃப்சி 1918 என்ற இணைய ஆவணம் பிரைவேட் ஐபிக்கு ஒதுக்கிய தொகுதிகளில் 10.0.0.0/8 ரொம்பப் பெரியது, அதிலிருந்து எடுத்தேன்: ராணிப்பேட்டைக்கு 10.71.1.0/24, ஆம்பூருக்கு 10.71.2.0/24. அளவு /24 என்றே இருக்க வேண்டும், அப்போதுதான் கடைசி எண் மாறாது. ராணிப்பேட்டை சர்வரை ஆம்பூர்க்காரர்கள் 10.71.1.10 என்று கூப்பிடுவார்கள்.

அடுத்தது டனல். குறைந்தது ஒரு பக்கமாவது பப்ளிக் ஐபி வேண்டும், அந்தப் பக்கத்து ஃபயர்வாலில் வயர்கார்டின் யுடிபி போர்ட்டை (மைக்ரோடிக்கில் 13231 என்று இருக்கும்) திறந்துவிடுங்கள். பியரின் (வயர்கார்டில் எதிர்ப்பக்க ரௌட்டருக்கான பதிவு) அலவ்டு அட்ரஸில் எதிர்ப்பக்கத்தின் புது முகவரியை மட்டும் போடுங்கள், 192.168.1.0 எங்கேயும் வரக்கூடாது. மைக்ரோடிக் அதற்கான ரூட்டை (எந்த முகவரிக்கு எந்த வழி என்ற குறிப்பை) தானாகச் சேர்க்காது, ஆம்பூரில் 10.71.1.0/24-க்கும் ராணிப்பேட்டையில் 10.71.2.0/24-க்கும் வயர்கார்டு வழியாக ரூட்டை நீங்களேதான் சேர்க்க வேண்டும்.

இப்போது நேட், அதாவது பாக்கெட்டில் இருக்கும் முகவரியை ரௌட்டர் வழியில் மாற்றுவது. ஆம்பூர் ரௌட்டரில் ரெண்டு விதிகள். ஒன்று அனுப்புநர் முகவரியை மாற்றும் எஸ்ஆர்சிநேட்: 192.168.1.0/24-இலிருந்து 10.71.1.0/24-க்குப் போவதற்கு ஆக்‌ஷன் நெட்மேப் (கடைசி எண்ணை விட்டுவிட்டு முன்பகுதியை மட்டும் மாற்றும்), டு அட்ரஸ் 10.71.2.0/24. இன்னொன்று பெறுநர் முகவரியை மாற்றும் டிஎஸ்டிநேட்: 10.71.2.0/24-க்கு வருவதை நெட்மேப் போட்டு 192.168.1.0/24-க்கு மாற்ற வேண்டும். ராணிப்பேட்டையிலும் இதே ரெண்டு விதிகள், 10.71.1-உம் 10.71.2-உம் இடம் மாறும், அவ்வளவுதான். எஸ்ஆர்சிநேட் விதியைப் பழைய மாஸ்கரேட் விதிக்கு (வெளியே போகும் பாக்கெட்டுக்கு ரௌட்டரின் சொந்த ஐபியைப் போடுவது) மேலே இழுத்து வையுங்கள், இல்லாவிட்டால் சில அமைப்புகளில் மாஸ்கரேட் முந்திக்கொள்ளும்.

கணக்கரின் கம்ப்யூட்டர் 192.168.1.25 என்று வைத்துக்கொள்வோம். அது 10.71.1.10-க்கு அனுப்புகிறது. தன் நெட்வொர்க் இல்லை என்பதால் பாக்கெட் ரௌட்டருக்கு வருகிறது, அங்கே அனுப்புநர் 10.71.2.25 ஆகிறார். ராணிப்பேட்டை ரௌட்டர் பெறுநரை 192.168.1.10 ஆக்கி சர்வரிடம் தருகிறது. பதில் வரும்போது ரௌட்டர்களே ஞாபகம் வைத்துத் திருப்பி மாற்றிவிடும், அதற்குத் தனி விதி வேண்டாம்.

சரி, இவ்வளவு செய்தும் பிங் போகவில்லையா? ரௌட்டரைத் திட்டுவதற்கு முன் சர்வரின் விண்டோஸ் ஃபயர்வாலைப் பாருங்கள். பிரைவேட் நெட்வொர்க்கில் பிங்கையும் ஃபைல் ஷேரிங்கையும் அது வழக்கமாக லோக்கல் சப்நெட்டுக்கு மட்டும்தான் அனுமதிக்கும், 10.71.2.25 அதற்கு வெளியாள். அந்த விதிகளின் ஸ்கோப்பில் (எந்த முகவரிகளுக்கு அனுமதி என்ற பட்டியலில்) 10.71.2.0/24-ஐச் சேர்த்ததும் எங்களுக்கு பிங் வந்தது. டேலியின் 9000 போர்ட்டுக்கும் அதேபோல் ஒரு அனுமதி கொடுத்தேன்.

அப்புறம் பெயர் விஷயம். சர்வரைப் பெயர் சொல்லிக் கூப்பிடும்போது ராணிப்பேட்டையில் இருக்கும் டிஎன்எஸ் (பெயருக்கு ஐபி சொல்லும் சேவை) 192.168.1.10 என்றே சொல்லும், ஆம்பூர் கம்ப்யூட்டர் மறுபடியும் கைரேகை மெஷினிடம் போய் நிற்கும். ஆம்பூர் ரௌட்டரின் டிஎன்எஸ்ஸில் அந்தப் பெயருக்கு 10.71.1.10 என்று ஒரு ஸ்டாட்டிக் வரி சேர்த்துவிடுங்கள். பழைய, புது முகவரிகளை ஒரு தாளில் எழுதி ரெண்டு ரௌட்டர் மேலேயும் ஒட்டிவிட்டு வந்தேன், அடுத்து வரும் பையன் அந்த மெஷினைத் தேடி ஒரு மணி நேரம் அலைய வேண்டாம் என்று.