விழாத இலையைப் பாருங்கள்: வீட்டிலேயே ஒளிமின் விளைவு

ஒளிமின் விளைவு என்றதும் ஐன்ஸ்டீன் பெயரும் ஒரு சமன்பாடும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். உலோகத்தின் மேல் ஒளி பட்டு அதிலிருந்து எலக்ட்ரான்கள் வெளியேறுவதுதான் அது. ஒரு தகரத் துண்டு, ஒரு ஜாம் பாட்டில், தண்ணீர் சுத்திகரிப்பானில் போடும் யூ.வி. (புறஊதா) குழல் இருந்தால் போதும், அதைக் கண்ணாலேயே பார்த்துவிடலாம். ஒளி பட்டதும் இலை, அதாவது மின்னேற்றியதும் விரிந்து நிற்கும் மெல்லிய உலோகக் கீற்று, விழுவதைப் பார்க்கத்தான் எல்லோரும் இதைச் செய்வார்கள். என்னைக் கேட்டால், இலை விழாமல் அடம்பிடிக்கும் மூன்று இடங்களில்தான் இந்தச் சோதனையின் உயிர் இருக்கிறது.

காலம் பார்த்துத் தொடங்குங்கள்

டெல்டாவில் ஐப்பசி, கார்த்திகையில் இதை எடுத்தால் வெறுத்துப் போவீர்கள். சம்பா வயலெல்லாம் தண்ணீர் நிற்கும் காலம். பாட்டில் மூடியின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஈரப்படலம் படிந்து, ஏற்றிய மின்னூட்டமெல்லாம் அதன் வழியே கசிந்துவிடும். அறுவடை முடிந்து வயல் வெடித்துக் கிடக்கும் பங்குனி, சித்திரை முற்பகல் நல்லது. நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்துக்காரர்கள் கடற்காற்று ஏறுமுன் முடித்துக்கொள்ளுங்கள்.

படி 1: நிலைமின்காட்டி

மின்னூட்டம் இருப்பதைக் காட்டும் கருவி இது. பாட்டிலைக் கழுவி, வெயிலில் நன்றாகக் காய வையுங்கள். பிளாஸ்டிக் மூடியில் துளையிட்டு, தடித்த செம்புக் கம்பியைச் செருகி, இடைவெளியில் மெழுகை உருக்கி ஊற்றுங்கள். மெழுகு மின்சாரத்தைக் கசிய விடாது. கம்பியின் கீழ்முனையைக் கொக்கியாக வளைத்து, இரண்டு மெல்லிய அலுமினியத் தாள் கீற்றுகளை ஒட்டினாற்போல் தொங்கவிடுங்கள். மூச்சுக் காற்றுக்கே ஆடும் அளவுக்கு மெலிசாக இருக்கட்டும். தஞ்சாவூர் ஓவியத்துக்கு ஒட்டும் தங்க ரேக்கில் மிச்சம் கிடைத்தால் அதையும் முயலலாம்; பழைய ஆய்வகங்களில் தொங்கியதும் தங்க இலைதான்.

படி 2: துத்தநாகத் தகடு

பெயின்ட் அடிக்காத ஜி.ஐ. தகரத்தில் உள்ளங்கை அளவு வெட்டிக்கொள்ளுங்கள். அதன் மேல்பூச்சு துத்தநாகம். பூச்சு போய்விடாமல் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துப் பளபளப்பாக்கி, கம்பியின் மேல்முனையில் நிற்கிற மாதிரி முறுக்கிக் கட்டுங்கள். துத்தநாகம் காற்றுப் பட்டதும் ஆக்சைடு கட்டிக்கொள்ளும், அதனால் தேய்த்த சூட்டோடு சோதனையை ஆரம்பித்துவிடுங்கள்.

படி 3: குழல்

இதை மட்டும் அவசரமில்லாமல் படியுங்கள். சுத்திகரிப்பான் குழல் பெரும்பாலும் 254 நானோமீட்டர் புறஊதாக் கதிரைத் தருகிறது. கிருமியைக் கொல்லும் அதே கதிர் கண்ணையும் தோலையும் சுடும். எரிச்சல் சில மணி நேரம் கழித்துத்தான் தெரியும், அதற்குள் கெடுதல் நடந்து முடிந்திருக்கும். குழலை அட்டைப்பெட்டிக்குள் வைத்து, தகட்டைப் பார்த்த பக்கம் மட்டும் சின்ன ஜன்னல் வெட்டுங்கள். முழுக்கைச் சட்டை, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, கூடவே ஒரு பெரியவர். ஒவ்வொரு முறையும் அரை நிமிடத்துக்கு மேல் எரியவிட வேண்டாம். அதற்குரிய சோக்கோடு இணைப்பதை எலக்ட்ரீஷியன் பார்த்துக்கொள்ளட்டும்.

படி 4: மின்னேற்றுங்கள்

போர் போடும்போது மிஞ்சிய பி.வி.சி. பைப் துண்டை, கம்பளியிலோ எண்ணெய் வைக்காத தலைமுடியிலோ வேகமாகத் தேய்த்து, தகட்டு விளிம்பில் இழுங்கள். பைப்பில் இருப்பது எதிர் மின்னூட்டம், அதாவது அதிகப்படி எலக்ட்ரான்கள். கீற்றுகள் ஒன்றையொன்று தள்ளி விரியும். இரண்டு நிமிடம் சும்மா பாருங்கள். தானாகவே சரிந்தால் மெழுகைச் சரிசெய்யாமல் மேலே போகாதீர்கள்.

படி 5: ஒளியைக் காட்டுங்கள்

முதலில் விழாத இடம். திருவிழாவுக்குக் கட்டும் எல்.ஈ.டி. ஃபோகஸ் லைட்டைப் பக்கத்திலேயே வைத்து அடியுங்கள். கள்ள நோட்டுப் பார்க்கும் ஊதா விளக்கையும் காட்டுங்கள். கீற்று அசையாது.

இப்போது யூ.வி. குழல். ஃபோகஸ் லைட்டின் முன்னால் அதன் வெளிச்சம் ஒன்றுமே இல்லை. ஆனால் கீற்றுகள் மளமளவென்று இறங்கும்.

மறுபடி மின்னேற்றி, நடுவில் ஒரு ஜன்னல் கண்ணாடித் துண்டைப் பிடியுங்கள். தகட்டின் மேல் நீல வெளிச்சம் விழுந்துகொண்டுதான் இருக்கும், கீற்று மட்டும் நின்றுவிடும். சாதாரணக் கண்ணாடி இந்தக் குழலின் புறஊதாவை விழுங்கிவிடுகிறது. 1887-ல் இயற்பியலாளர் ஹெர்ட்ஸ் தீப்பொறிச் சோதனையில் கண்டதும் இதைத்தான். அடுத்த ஆண்டு ஹால்வாக்ஸ் துத்தநாகத் தகட்டை வைத்துச் செய்தார்.

மூன்றாவது: தேய்த்த பைப்பைத் தகட்டுக்கு அருகே தொடாமல் பிடித்து, தகட்டை விரலால் தொட்டு, விரலை எடுத்த பிறகே பைப்பை விலக்குங்கள். இப்போது தகட்டில் நேர் மின்னூட்டம். யூ.வி. அடித்தாலும் இறங்காது, ஏனென்றால் வெளியே வரப்பார்க்கும் எலக்ட்ரானைத் தகடே திரும்ப இழுத்துக்கொள்கிறது. போவது எதிர் மின்னூட்டம் என்பதற்குச் சாட்சி இது. அந்தத் துகள் எலக்ட்ரான்தான் என்று 1899-ல் ஜே.ஜே. தாம்சன் காட்டினார்.

ஏன் இப்படி?

ஒளி அலை மட்டும்தான் என்றால், பலமான விளக்கின் முன் கொஞ்ச நேரம் காத்திருந்தால் ஆற்றல் சேர்ந்து எலக்ட்ரான் வெளியேறியாக வேண்டும். அப்படி நடப்பதில்லை. ஒளி பொட்டலம் பொட்டலமாக வருகிறது, ஒரு எலக்ட்ரான் ஒரு பொட்டலத்தைத்தான் வாங்கும் என்று 1905-ல் ஐன்ஸ்டீன் சொன்னார். அந்தப் பொட்டலம்தான் ஃபோட்டான். ஐந்தடி வாய்க்காலை மூன்றடி தாண்டுகிற நூறு பேர் சேர்ந்து வந்தாலும் நூறு பேரும் தண்ணீரில்தான். ஆறடி தாண்டுகிறவர் ஒருவர் போதும்.

கணக்கு எளிது. 1240-ஐ அலைநீளத்தால் (நானோமீட்டரில்) வகுத்தால் ஃபோட்டானின் ஆற்றல் எலக்ட்ரான் வோல்ட் என்ற அலகில் வரும். 450 நானோமீட்டர் நீல ஒளிக்கு 2.8. நோட்டு விளக்கு 365 என்றால் 3.4. நம் குழலுக்கு 4.9. துத்தநாகத்தின் வெளியேற்று ஆற்றல், அதாவது அதிலிருந்து ஒரு எலக்ட்ரானை வெளியே இழுக்கக் குறைந்தது வேண்டிய ஆற்றல், ஏறத்தாழ 4.3. தாண்டுவது யார் என்று தெரிகிறதா? மிஞ்சும் 0.6 எலக்ட்ரான் வோல்ட்தான் வெளியே வரும் எலக்ட்ரானுக்கு இருக்கக்கூடிய அதிகபட்ச இயக்க ஆற்றல்.

குழலைக் கிட்டே நகர்த்தினால் கீற்று இன்னும் வேகமாக இறங்கும். எலக்ட்ரான்களின் எண்ணிக்கைதான் கூடுகிறது, ஒவ்வொன்றின் உச்ச வேகம் கூடுவதில்லை. அதை அளக்க இந்த ஜாம் பாட்டில் போதாது. லெனார்டு 1902-ல் அளந்தார். ஐன்ஸ்டீன் சொன்னதை நம்பாமலே மில்லிகன் ஆண்டுக்கணக்கில் சோதித்து, 1916-ல் சமன்பாடு சரியென்று தன் கையாலேயே நிரூபித்தார். எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த ஆள் அவர்தான். ஐன்ஸ்டீனின் 1921 நோபல் பரிசு இந்த விதிக்காகத்தான், சார்பியலுக்காக அல்ல.

அடுத்து, தகரத்துக்குப் பதில் செம்புத் தகடு வைத்துப் பாருங்கள். வெளியேற்று ஆற்றல் 4.7 பக்கம் இருப்பதால் நம் குழல் மயிரிழையில்தான் தாண்டும். கீற்று தயங்கித் தயங்கி இறங்கினால் செம்பை உப்புத்தாளால் இன்னொரு முறை தேயுங்கள்.

வேலை முடிந்ததும் குழலைத் துணியில் சுற்றிப் பத்திரமாக எடுத்து வையுங்கள். உள்ளே பாதரசம் இருக்கிறது. பழுதானாலும் குப்பையிலோ வாய்க்காலிலோ போடக்கூடாது.