எடிட்டரில் வேகம் தேடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு கடைவீட்டின் மேல்மாடியில், சனிக்கிழமை மாலைகளில் நிரல் எழுதக் கற்றுக்கொடுத்து வருகிறேன். சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்தும், தோட்டத்தை விட்டு வந்த குடும்பங்கள் குடியேறிய தாமான் என்னும் குடியிருப்புகளிலிருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள். எஸ்பிஎம் என்னும் பள்ளியிறுதித் தேர்வை முடித்துவிட்டு வேலை தேடுபவர்களும், ஈப்போவில் பாலிடெக்னிக் படிப்பவர்களும் அவர்களில் உண்டு. சில வாரங்களுக்கு முன் ஒரு மாணவி, ஒரு மாறியின், அதாவது நிரலில் ஒரு மதிப்பைத் தாங்கும் பெயரின், பெயரை மாற்றுவதற்காக, திட்டத்தின் எல்லாக் கோப்புகளிலும் ஒரே அடியாகத் தேடி மாற்றும் கட்டளையைக் கொடுக்கப் போனார். என்னையறியாமல் குரலை உயர்த்திவிட்டேன். உடனே மன்னிப்பும் கேட்டேன். அந்தக் கட்டளையைக் கண்டு நான் ஏன் அப்படிப் பதறினேன் என்பதை வகுப்பு முடியும் நேரத்தில் விளக்க முடியவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கோப்பைச் சேமிக்க மறப்பது, அடைப்புக்குறியை மூடாமல் விடுவது போன்றவற்றை, நிரல் எழுதும் மென்பொருளான எடிட்டரே சிவப்புக் கோடிட்டோ புள்ளியிட்டோ காட்டிவிடுவதால், அவற்றை இங்கே சொல்லப்போவதில்லை. என் மாணவர்கள் பயன்படுத்துவது விஎஸ் கோட் என்னும் எடிட்டர் என்பதால் அதன் விசைகளையே, விண்டோஸ், லினக்ஸ் கணினிகளில் உள்ளபடி குறிப்பிடுகிறேன்.

எக்ஸ்டென்ஷன்களைக் குவித்தல்

புதிதாக வருபவர் முதல் வாரத்திலேயே எடிட்டரோடு சேர்க்கும் கூடுதல் கருவிகளான எக்ஸ்டென்ஷன்களை இருபது முப்பது நிறுவிவிடுகிறார். நினைவகம் குறைந்த பழைய மடிக்கணினி அதனால் திணறுகிறது. அதைவிடப் பெரிய தொல்லை, ஒரே வேலையைச் செய்யும் இரண்டு எக்ஸ்டென்ஷன்கள் ஒன்றுக்கொன்று முரண்படுவது. ஒன்று வரிகளை ஒரு விதமாக அடுக்க, மற்றொன்று அவற்றை வேறு விதமாகக் கலைத்து அடுக்கும். எது குழப்புகிறது என்று தெரியாதபோது எல்லாவற்றையும் நீக்கிவிட்டு மறுபடி நிறுவத் தேவையில்லை. கண்ட்ரோல், ஷிஃப்ட், பி மூன்றையும் அழுத்தினால் திறக்கும் கட்டளைப் பட்டியலில் ‘எக்ஸ்டென்ஷன் பைசெக்ட்’ என்றொரு கட்டளை இருக்கிறது. அது எக்ஸ்டென்ஷன்களில் பாதியை அணைத்து, சிக்கல் இன்னும் இருக்கிறதா என்று உங்களிடம் கேட்டு, மீண்டும் பாதியாக்கி, சில சுற்றுகளிலேயே குற்றவாளியைக் காட்டிக்கொடுக்கும். இன்னொன்றையும் நினைவில் வையுங்கள்: நீங்கள் நிறுவும் ஒவ்வோர் எக்ஸ்டென்ஷனும் உங்கள் கணக்குக்கு உள்ள அதே உரிமைகளோடு உங்கள் கணினியில் ஓடுகிறது. யார் எழுதியது என்று பார்க்காமல் நிறுவாதீர்கள்.

கோப்புப் பட்டியலில் கண்ணால் தேடுதல்

கண்ட்ரோலும் பியும் அழுத்திக் கோப்புப் பெயரின் நான்கு எழுத்துகளைத் தட்டுங்கள்; நிரலில் ஒரு பெயரின் மேல் கர்சரை வைத்து அழுத்தும் எஃப்12 அதன் வரையறைக்குக் கொண்டுசேர்க்கும், விண்டோஸில் ஆல்ட்டும் இடது அம்பும், லினக்ஸில் கண்ட்ரோல், ஆல்ட், கழித்தல் குறி மூன்றும் பழைய இடத்துக்குத் திரும்பக் கொண்டுவரும்.

எல்லாக் கோப்புகளிலும் தேடி மாற்றுதல்

இதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும்.

2021-இல் நான் ஒரு சிறிய நிறுவனத்தில் பணியாற்றினேன். சிறுதோட்டக்காரர்களிடமிருந்து செம்பனைக் குலைகளை வாங்கும் ஒரு மையத்துக்காக, எடையைப் பதிந்து பணச்சீட்டு அச்சிடும் மென்பொருளைப் பைத்தான் என்னும் நிரல்மொழியில் எழுதிக்கொண்டிருந்தோம். அந்த நிரலில் ‘ரேட்’ என்ற ஒரே சொல் மூன்று பொருளில் வழங்கிவந்தது. டன்னுக்கு இவ்வளவு வெள்ளி (ரிங்கிட்) என்னும் விலையும் ரேட். மையத்தின் லாரி போய்க் குலைகளை ஏற்றி வந்தால் டன்னுக்குப் பிடிக்கும் கூலியும் ரேட். குலையிலிருந்து கிடைக்கும் எண்ணெயின் விகிதம் விலையை நிர்ணயிப்பதால் அந்த விகிதமும் ரேட். இந்தக் குழப்பத்தைத் தீர்க்க, விலையைக் குறிக்கும் ரேட்டை மட்டும் ‘ஹர்கா’ என்று மலாய்ச் சொல்லால் மாற்ற எண்ணினேன். சீட்டிலும் தரவுத்தளத்திலும் அந்தச் சொல்லே இருந்தது. எண்ணம் சரியானதுதான், அதை நிறைவேற்றிய வழிதான் தவறு.

கண்ட்ரோல், ஷிஃப்ட், எச் அழுத்தி, மேலே ரேட் என்றும் கீழே ஹர்கா என்றும் எழுதி, அனைத்தையும் மாற்றும் பொத்தானைத் தட்டினேன். ‘ஜெனரேட்’ என்று தொடங்கிய ஃபங்ஷன்கள், அதாவது ஒரு வேலையைச் செய்யும் நிரல் பகுதிகள், ‘ஜெனஹர்கா’ ஆயின. ‘செபரேட்’ சிதைந்து போனது. வெளியிலிருந்து வரும் நூலகங்களின் பெயர்களும் அதில் அடிபட்டதால் நிரல் உடனே பிழை காட்டியது, நானும் அவற்றை ஒவ்வொன்றாகத் திருத்தினேன். பிழைச் செய்திகள் ஓய்ந்தபோது வேலை முடிந்துவிட்டது என்று நம்பினேன். சொல்லின் நடுவில் வரும் எழுத்துகளைத் தொடாமல் முழுச் சொல்லை மட்டும் மாற்றும் தேர்வு அதே பெட்டியில் இருக்கிறது, ஆல்ட்டும் டபிள்யூவும் அழுத்தினால் போதும் என்பது பிறகு தெரியவந்தது. ஆனால் அதைத் தெரிந்து செய்திருந்தாலும், அடுத்து நடந்ததை அது தடுத்திருக்காது.

லாரிக் கூலியைக் கழிக்கும் ஃபங்ஷனை எழுதிய சக ஊழியர், விலையை ஏற்கெனவே ‘ஹர்கா’ என்னும் மாறியில் வைத்துக்கொண்டு, கூலியை ‘ரேட்’ என்னும் மாறியில் வைத்திருந்தார். எடையை விலையால் பெருக்கி, அதிலிருந்து எடையைக் கூலியால் பெருக்கிய தொகையைக் கழிப்பது அவருடைய கணக்கு. நான் செய்த மாற்றத்துக்குப் பின் இரண்டு மாறிகளும் ஒரே பெயரைப் பெற்றன. பைத்தானில் ஒரு பெயருக்கு இரண்டாம் முறை மதிப்புக் கொடுப்பது பிழையன்று. முதல் மதிப்பு சத்தமில்லாமல் மறைந்து, இரண்டாவது அந்த இடத்தில் அமர்ந்துகொள்ளும். ஆகவே ஒரு தொகையிலிருந்து அதே தொகை கழிக்கப்பட்டது. எடிட்டர் ஒரு கோடும் போடவில்லை. நான் சோதித்துப் பார்த்த கணக்குகள் எல்லாம் சொந்த வண்டியில் குலை கொண்டுவருபவர்களுடையவை என்பதால், அவை அந்த ஃபங்ஷனுக்குள் நுழையவே இல்லை.

பணம் கொடுக்கும் நாளன்று காலையில், மையத்தின் எழுத்தரான கிராணி கூப்பிட்டார். லாரியில் குலை அனுப்பியவர்களின் சீட்டுகளில் மட்டும், எடை சரியாக இருக்க, தொகை 0.00 வெள்ளி என்று அச்சாகியிருந்தது. விடியுமுன் எழுந்து மோட்டார் சைக்கிளில் வந்து வரிசையில் நின்ற பெரியவர்கள் அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்களாம். அதைக் கிராணி சொல்லக் கேட்ட நினைவு இன்றும் என்னை உறுத்துகிறது.

நிரலைப் பழைய நிலைக்குக் கொண்டுபோகவும் முடியவில்லை. ஹர்காவைத் தேடி ரேட்டாக மாற்றினால், முதலிலிருந்தே ஹர்காவாக இருந்தவையும் சேர்ந்து மாறிவிடும்; இரண்டு பெயர்கள் ஒன்றாகக் கலந்துவிட்டால், எது எங்கிருந்து வந்தது என்பதை எந்தத் தேடலாலும் பிரித்தெடுக்க முடியாது. முந்தைய இரவு எடிட்டரை மூடிவிட்டதால், கண்ட்ரோலும் இசட்டும் அழுத்திப் பின்னோக்கிப் போக வழி இருக்கவில்லை. சேமிக்கும் ஒவ்வொரு முறையும் கோப்பின் பழைய வடிவத்தைத் தானே எடுத்துவைக்கும் வசதி, விஎஸ் கோட்டில் 2022 மார்ச் பதிப்பில்தான் சேர்ந்தது. நிரலின் பதிப்புகளைப் பாதுகாக்கும் கிட் என்னும் கருவியில் கடைசியாக கமிட் செய்தது, அதாவது ஒரு பதிப்பைப் பதிந்து வைத்தது, இரண்டு நாளுக்கு முன்பு என்பதால், அதற்குத் திரும்பினால் இரண்டு நாள் உழைப்பும் போய்விடும். வரிவரியாக வாசித்துத்தான் திருத்தினேன்.

இதற்கு உரிய கருவி எஃப்2. மாறியின் மேல் கர்சரை வைத்து எஃப்2 அழுத்திப் புதிய பெயரைக் கொடுத்தால், எழுத்துகளை ஒப்பிட்டுப் பார்ப்பதற்குப் பதிலாக, அந்தப் பெயர் எந்த மாறியைச் சுட்டுகிறது, அது எந்த எல்லைக்குள் வாழ்கிறது என்பதை, நிரல்மொழியைப் புரிந்துகொண்டு எடிட்டருக்கு உதவும் மொழிச் சேவையகம் ஆராய்ந்து, அதற்கு உரிய இடங்களை மட்டும் மாற்றும். விலையைக் குறித்த ரேட்டை நான் இப்படி மாற்றியிருந்தால், இன்னொரு ஃபங்ஷனுக்குள் தனியாக இருந்த கூலி ரேட்டை அது தொட்டிருக்காது. பெயரை மாற்றுமுன் ஷிஃப்ட்டும் எஃப்12-உம் அழுத்தி, அது எங்கெல்லாம் பயன்படுகிறது என்ற பட்டியலை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

எஃப்2-க்கும் எல்லை உண்டு. மேற்கோள்குறிக்குள் இருக்கும் சொற்கள், அதாவது தரவுத்தள வினவலில் எழுதிய நெடுவரிசைப் பெயர், தரவு வைக்கும் ஜேசான் கோப்பின் சாவிப்பெயர், சீட்டின் அச்சுப் படிவத்தில் உள்ள பெயர் ஆகியவற்றை அது மாறிகளாகக் கருதாது. அவற்றுக்குத் தேடல்தான் வழி. அப்போதும் அனைத்தையும் மாற்றும் பொத்தானைத் தொடாமல், தேடல் பலகையில் வரும் ஒவ்வோர் இடத்தையும் திறந்து பார்த்து, தேவையானதை மட்டும் தனித்தனியே மாற்றுங்கள். தொடங்குமுன் கமிட் செய்யுங்கள். முடித்தபின், வேறெந்த மாற்றத்தையும் கலக்காமல், பெயர் மாற்றத்தை மட்டும் தனி கமிட்டாக வையுங்கள். அப்படிச் செய்தால் திருப்பி எடுப்பதற்கு ஒரே கட்டளை போதும்.

பிறர் எழுதிய கோப்பை முழுதும் அடுக்குதல்

சேமிக்கும்போதே வரிகளை ஒழுங்காக அடுக்கும் அமைப்பை இயக்கி வைத்துக்கொண்டு, பிறருடைய பழைய கோப்பில் ஒரு வரியைத் திருத்தினால், நூற்றுக்கணக்கான வரிகள் மாறியதாக கிட் காட்டும். சரிபார்ப்பவர் உங்கள் ஒரு வரியைத் தேடிக் களைத்துப்போவார். மாற்றிய வரிகளை மட்டும் அடுக்கும் தேர்வு அமைப்புகளில் இருக்கிறது.

எடிட்டர் காட்டும் பரிந்துரையை வாசிக்காமல் டேப் அழுத்துதல்

வாசியுங்கள்.

மாதம் ஓர் எடிட்டருக்குத் தாவுதல்

1991-இல் வெளிவந்த விம் என்னும் எடிட்டர் இன்றும் வழக்கில் இருக்கிறது; 2014-இல் வந்து பலரையும் கவர்ந்த ‘ஆட்டம்’ (Atom) எடிட்டர் 2022 டிசம்பரில் நிறுத்தப்பட்டது. எது நிலைக்கும் என்று கணித்துத் தேர்ந்தெடுக்க யாராலும் முடியாது, அதற்கு அவசியமும் இல்லை. மொழிச் சேவையகத்துக்கான பொது நெறிமுறை 2016-இல் வெளியிடப்பட்ட பிறகு, வரையறைக்குத் தாவுவது, பெயர் மாற்றுவது போன்ற திறன்கள் பெரும்பாலான எடிட்டர்களுக்கும் கிடைத்துவிட்டன. கையிலிருக்கும் எடிட்டரில் அவற்றைப் பழகாதவர் புதிய எடிட்டரிலும் பழகப்போவதில்லை.

பிரிண்ட்டை மட்டுமே நம்புதல்

இரண்டு வரிகளில் தீரும் ஐயத்துக்கு, மதிப்பைத் திரையில் காட்டும் பிரிண்ட் கட்டளை போதும். ஆனால் நூறு சீட்டுகளில் ஏதோ சிலவற்றில் மட்டும் தவறு வரும்போது, பிரிண்ட்டைத் தூவிவிட்டுத் திரையில் ஓடும் எண்களுக்குள் தேடுவது இருட்டில் துழாவுவதுதான். எஃப்9 அழுத்தி ஒரு வரியில் நிறுத்தப்புள்ளி வைத்து, எஃப்5 அழுத்தி ஓட்டினால், நிரல் அந்த இடத்தில் நின்று எல்லா மாறிகளின் மதிப்புகளையும் பக்கத்தில் காட்டும். அந்தப் புள்ளிக்கு நிபந்தனையும் விதிக்கலாம்: தொகை பூஜ்யமாக இருந்தால் மட்டும் நில் என்று எழுதிவிட்டால், சரியான சீட்டுகளையெல்லாம் கடந்து, தவறான முதல் சீட்டிலேயே அது நிற்கும்.

அன்று எனக்கு இது தெரியாது. மாணவர்களுக்கு இப்போது அதே கணக்கைச் சுருக்கி, இரண்டு மாறிகளும் ஒரே பெயரில் கலந்த நிலையில் பயிற்சியாகக் கொடுக்கிறேன். நான் குரலை உயர்த்திய அந்த மாணவிதான், சென்ற சனிக்கிழமை வகுப்பின் கடைசி அரைமணியில், நிபந்தனையுள்ள நிறுத்தப்புள்ளியை வைத்து, ஹர்காவின் மதிப்பு இரண்டாம் முறை மாறும் வரியை முதலில் கண்டுபிடித்தார். அடுத்த வாரம் அந்தப் பெயர்களை எஃப்2 கொண்டு பிரித்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.