மலைக் கிராமம் ஒன்றின் வரலாற்றைத் தேடுவது எப்படி?

இத்தாலியின் அப்ரூத்சோ பகுதியில், கிரான் சாஸ்ஸோ மலைச்சரிவில், ஏறத்தாழ 1,250 மீட்டர் உயரத்தில் இருக்கும் சான்தோ ஸ்தேஃபானோ தி செஸ்ஸானியோ என்ற சிற்றூரின் வரலாற்றை எழுத விரும்புபவர், அதன் வட்டக் கோபுரத்தில் தொடங்க வேண்டாம் என்பதே என் முதல் யோசனை. அதற்கு மெதிச்சி கோபுரம் என்று பெயர். ஆனால் ஃபிளாரன்ஸின் மெதிச்சி குடும்பம் 1579இல் பிக்கோலோமினி குடும்பத்தாரிடமிருந்து இவ்வூரை விலைக்கு வாங்குவதற்கு முன்பே அது எழுப்பப்பட்டுவிட்டது. பெயரை நம்பிக் காலத்தைக் கணித்தால் முதல் பக்கத்திலேயே சறுக்கிவிடுவோம். போதாக்குறைக்கு, 2009 ஏப்ரல் 6 அன்று நிகழ்ந்த லாக்வீலா நிலநடுக்கத்தில் இடிந்து விழுந்து, பின்னர் மீண்டும் கட்டப்பட்டது அது. ஊர் வாயிலில் பொறித்துள்ள மெதிச்சிக் குலச்சின்னமே நம்பகமான தொடக்கம்.

அந்தச் சின்னத்தின் முன் நின்று, இவ்வளவு தொலைவிலிருந்த பெருஞ்செல்வர்களுக்கு இந்தக் கல்மேடு எதற்கு என்று கேட்டுக்கொள்ளுங்கள். விடை, ஆட்டு மயிர். இங்கு கிடைத்த முரட்டுக் கம்பளி துறவிகளின் அங்கிக்கும் படைவீரரின் உடைக்கும் பயன்பட்டது. மலையில் பனி விழுமுன் மேய்ப்பர்கள் மந்தைகளைத் தெற்கே புல்யா சமவெளிக்கு ஓட்டிச் சென்று, கோடையில்தான் திரும்பினார்கள். அப்ரூத்சோவின் லாக்வீலா நகரிலிருந்து புல்யாவின் ஃபோஜா நகர் வரை சென்ற மந்தைப் பாதையின் நீளம் 244 கிலோமீட்டர்; அகலம் ஏறத்தாழ 111 மீட்டர். ஆகவே ஊரின் வரலாற்றில் பாதி ஊரில் இல்லை. ஆரகோனின் அல்ஃபோன்சோ மன்னர் 1447இல் நிறுவிய, 1806இல் ஒழிக்கப்பட்ட மேய்ச்சல் வரி அலுவலகத்தின் ஆவணங்கள் ஃபோஜா அரசு ஆவணக் காப்பகத்தில் உள்ளன. யாருடைய மந்தை, எவ்வளவு வரி என்பதை அங்குதான் தேட வேண்டும்.

மனிதர்களைத் தேட வேறு ஏடுகள் உண்டு. 1563இல் கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து பொதுச்சங்கம் திருமணப் பதிவேட்டைக் கட்டாயமாக்கியதால், பங்குக் கோயில்களின் ஏடுகள் பல ஊர்களில் அக்காலத்தை ஒட்டித் தொடங்குகின்றன. இவ்வூர் அடங்கியிருந்த நேப்பிள்ஸ் அரசில் நெப்போலியன் காலத்து ஆட்சி 1809இல் பிறப்பு, திருமணம், இறப்பு ஆகியவற்றுக்கு அரசுப் பதிவைக் கொண்டுவந்தது. இப்பதிவுகளில் பெரும்பகுதியை, இத்தாலிய அரசுக் காப்பகங்களின் ‘ஆன்தெனாத்தி’ என்ற இணையதளத்தில் கட்டணமின்றிப் பார்க்கலாம். ‘முன்னோர்’ என்பதே அப்பெயரின் பொருள்.

கையெழுத்தைப் படிக்கும்போது இரண்டு இடங்களில் கவனம் தேவை. ஒருவரின் பெயரை அடுத்துத் தந்தை பெயருக்கு முன் ‘தி’ என்றிருந்தால் தந்தை உயிரோடு இருக்கிறார். ‘ஃபூ’ என்றிருந்தால் காலமாகிவிட்டார். இந்த ஒரு சொல்லை வைத்தே, இறப்புப் பதிவு கிடைக்காத ஒருவர் எந்த ஆண்டுகளுக்கிடையில் இறந்தார் என்று நெருங்கிவிடலாம். மற்றொன்று மாதம். ‘7’ என்ற எண்ணோடு ‘ப்ரே’ சேர்த்து எழுதியிருந்தால் அது ஜூலை அல்ல, செப்டம்பர். ‘செத்தெம்ப்ரே’ என்ற சொல்லின் தொடக்கத்தில் ஏழு என்ற எண்ணுப்பெயர் இருப்பதால் வந்த சுருக்கம் அது. அதேபோல் 8 அக்டோபர், 9 நவம்பர்.

மக்கள்தொகையை 1861 முதல் நடந்த கணக்கெடுப்புகளில் ஒப்பிடலாம். 1891இலும் 1941இலும் கணக்கெடுப்பு நடக்கவில்லை என்பதால் அந்த இடைவெளியை உங்கள் தேடலின் குறை என்று எண்ண வேண்டாம். எவ்வளவு தேடியும் ஒரு மேய்ப்பரின் மரணம் ஊர்ப் பதிவில் அகப்படவில்லையென்றால், அவர் எந்த மாதத்திலிருந்து காணப்படவில்லை என்று பாருங்கள். அது குளிர்காலமாக இருந்தால், ஃபோஜாவைச் சுற்றியுள்ள சமவெளி ஊர்களின் இறப்பு ஏடுகளைத் திறக்க வேண்டும்.