மெலட்டூர் பிரகலாத சரித்திரம்: பார்த்ததை எழுதும் முறை

நரசிம்ம ஜயந்தியை ஒட்டி தஞ்சாவூர் அருகேயுள்ள மெலட்டூரில் நடக்கும் பாகவத மேளா என்னும் இசை நாட்டிய நாடக விழாவில், வேங்கடராம சாஸ்திரியார் இயற்றிய பிரகலாத சரித்திரத்தை இரவெல்லாம் கண்விழித்துப் பார்ப்பவர்கள், அதைப் பற்றி எழுத உட்கார்ந்தால் பெரும்பாலும் பக்தியின் வெற்றியைச் சொல்லி முடித்துவிடுகிறார்கள். அது பிழையன்று. ஆனால் மேடையில் நிற்பவர்கள் ஒரு தகப்பன், ஒரு தாய், ஒரு பிள்ளை. உங்கள் கட்டுரை அந்த வீட்டுக்குள் நுழைய வேண்டும்.

நாடகம் தெலுங்கில் இருப்பதால் கதையை முன்பே நன்றாகத் தெரிந்துகொண்டு செல்லுங்கள். இரணியனுடைய உடன்பிறந்தவனான இரணியாட்சனைத் திருமால் வராக அவதாரத்தில் கொன்றார் என்பதை மனத்தில் இருத்தினால்தான், அந்தத் திருமாலின் பெயரையே தன் மகன் வாயிலிருந்து கேட்கும் தகப்பனின் கோபம் எங்கிருந்து வருகிறது என்பது விளங்கும். பங்காளிப் பகையால் தான் வாசற்படி மிதிக்காத வீட்டில் தன் பிள்ளை உறவாடுவதைக் கண்ட ஒருவரின் முகத்தை நம் டெல்டா ஊர்களில் பார்த்திருப்பீர்கள். அந்த முகத்தை இரணியனிடம் தேடுங்கள். மகனைக் கொல்லத் துணிந்ததை அது நியாயப்படுத்தாது என்றாலும், அவனை வெறும் அசுரனாக ஒதுக்கிவிடாமல் உங்களைத் தடுக்கும்.

பாத்திரங்கள் மேடைக்குள் வரும்போது பாடப்படும் பிரவேச தருக்களின்போது ஒவ்வொருவரும் நடந்து வரும் விதத்தைச் சிறு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். இரணியனின் மனைவி லீலாவதி வரும்போது மட்டும் எழுதுவதை நிறுத்திவிட்டுப் பாருங்கள். ஆண் நடிகர் ஒருவர் ஏற்கும் அந்தத் தாய், கணவனை எதிர்க்கவும் மகனைக் கைவிடவும் முடியாமல் தவிப்பதே இந்த நாடகத்தின் நடுநாடி என்பது என் உறுதியான எண்ணம்.

வீடு திரும்பியதும், பிறர் கருத்தைக் கேட்பதற்கு முன்பாக ஒரு பக்கம் எழுதிவிடுங்கள். தொடக்கத்தில் கோமாளியான கோணங்கி வருவதிலிருந்து நரசிம்மர் வெளிப்படுவதுவரை வரிசையாகச் சொன்னால் அது நிகழ்ச்சி அறிக்கையாகிவிடும். ஆகவே உங்களை அசைத்த ஒரே கட்டத்தை எடுத்துக்கொண்டு, அப்போது யார் பக்கம் நின்றீர்கள், ஏன் நின்றீர்கள் என்பதை விளக்குங்கள். உங்கள் குடும்பம் நினைவுக்கு வந்தால் மறைக்க வேண்டாம். உயிரோடிருப்பவர்களின் பெயரை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

முடிவைப் பற்றி எழுதும்போது கூடுதல் கவனம் தேவை. நரசிம்மர் முகமூடி ஊரார் வழிபடும் பொருளாதலால், அது மேடைக்கு வரும் நேரம் பலருக்குத் தரிசனமாகவே அமைகிறது. அதே நேரத்தில் ஒரு மனைவி கணவனையும் ஒரு மகன் தகப்பனையும் இழக்கிறார்கள். இரண்டையும் உணர்ந்திருந்தால் இரண்டையும் எழுதுங்கள். பாகவத புராணத்தில் பிரகலாதன் தன் தந்தை தூய்மை பெற வேண்டும் என்று நரசிம்மரிடமே வரம் கேட்கிறான். அந்த இடத்தில் நீங்களாக இருந்தால் அப்படிக் கேட்டிருப்பீர்களா என்பதற்கு உங்கள் கட்டுரையில் நேரடியான பதில் இருக்கட்டும்.